நாட்டைத் தின்னும் படை

விளையாட்டு வினையாகும் என்பார்கள் பெரியவர்கள். வினைகளுள் பெரிய வினையான போரையே விளையாட்டாக ஆடிப் பார்க்க இன்று வழி இருக்கிறது. கணிப்பொறியில் பேரரசு கட்டும் ஆட்டங்களைத்தான் சொல்கிறேன். "இதை எழுதவா கல்லூரி ஆண்டு மலர்?" என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பொறுத்தருள வேண்டும். பொருளாதாரப் பாடநூலில் பலமுறை படித்தும் என் நெஞ்சில் பதியாத ஓர் உண்மை, ஒரு கோடை விடுமுறையில் இந்த ஆட்டத்தை ஆடி வென்றபோது பதிந்தது. தோற்றுக் கற்றவர் பலர். நான் வென்று கற்றேன்.

அந்த உண்மை இதுதான்: போருக்காக ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அமைத்துவிட்டால், பிறகு அந்தப் பொருளாதாரத்துக்காகவே போர் செய்ய வேண்டி வரும். இது என் கருத்து. ஏற்பதும் மறுப்பதும் படிப்பவர் உரிமை. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆட்டத்தின் இலக்கணம்

நான் சொல்லும் ஆட்டத்தின் பெயர் 'சிவிலைசேஷன்'. நாகரிகம் என்று பொருள். இங்கிலாந்தில் பிரான்சிஸ் டிரெஷம் என்பவர் 1980ஆம் ஆண்டில் இதே பெயரில் ஓர் அட்டை விளையாட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் சித் மேயர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரும் உருவாக்கிய கணிப்பொறி ஆட்டம் 1991ஆம் ஆண்டில் வந்தது. அதன்பின் பதிப்பு மேல் பதிப்பாக வந்து, 2025ஆம் ஆண்டில் ஏழாவதும் வெளியாகிவிட்டது. நான் ஆடியது 2005ஆம் ஆண்டில் வந்த நான்காவது பதிப்பு, 2007ஆம் ஆண்டின் சேர்க்கையோடு. பழைய கணிப்பொறியிலும் ஓடும் என்பது அதன் முதல் தகுதி. கணக்கு நேர்மையானது என்பது இரண்டாவது தகுதி.

சதுரங்கத்தைப் போல இதுவும் முறை வைத்து ஆடுவது. உன் முறை முடிந்தால் என் முறை. கைவேகம் வேண்டியதில்லை, யோசனைதான் வேண்டும். கி.மு. 4000இல் ஒரே ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்குகிறோம். ஓர் ஊர் அமைக்கிறோம். ஊர் வளர்ந்து ஊர்களாகி, ஊர்கள் நாடாகி, நாடு பேரரசாகிறது. இவ்வகை ஆட்டங்களின் இயல்பை ஆலன் எம்ரிக் என்ற எழுத்தாளர் 1993ஆம் ஆண்டில் நான்கு வினைச்சொற்களில் அடக்கினார்: தேடு, பரவு, பயன்கொள், அழி. நான்கில் கடைசிச் சொல்லுக்குத்தான் கவர்ச்சி அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வோர் ஊருக்கும் வருமானம் மூன்று வகை. வயலிலிருந்து உணவு, மலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் உற்பத்தி, ஆற்றங்கரையிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வாணிகம். உற்பத்தியைக் குறிக்கச் சுத்தியல் படம் போட்டிருப்பதால், ஆடுகிறவர்கள் 'இத்தனை சுத்தியல்' என்றே கணக்குப் பேசுவார்கள். குடிமகன் ஒருவன் ஒரு முறைக்கு இரண்டு உணவு உண்பான். மிஞ்சினால் ஊர் வளரும், குறைந்தால் தேயும். வாணிக வருவாயில் நூற்றுக்கு எவ்வளவு ஆராய்ச்சிக்கு, எவ்வளவு கஜானாவுக்கு என்று பங்கு பிரிப்பது அரசனாகிய நம் பொறுப்பு. இவ்வளவுதான் இலக்கணம். மற்றதெல்லாம் இதன் விரிவுரை.

சுத்தியல் கணக்கு

கோடரி வீரன் ஒருவனை ஆயத்தப்படுத்த 35 சுத்தியல் ஆகும். நூலகம் கட்ட 90. நீதிமன்றம் கட்ட 120. நம்மிடம் நான்கு ஊர்கள் இருப்பதாகவும், ஊருக்கு முறை ஒன்றுக்குப் பத்துச் சுத்தியல் கிடைப்பதாகவும் கொள்வோம். பத்து முறைகளில் 400 சுத்தியல். இந்த நானூற்றைக் கொண்டு பதினொரு கோடரி வீரர்களைத் திரட்டலாம். அல்லது நான்கு நூலகங்களைக் கட்டலாம். இரண்டும் நடக்காது. பொருளாதார வகுப்பில் 'துப்பாக்கியா, வெண்ணெயா' என்று கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டுவார்களே, அந்தக் கோட்டின் மேல் நாமே நிற்கிறோம்.

இதே கணக்கை ஓர் உண்மையான படைத்தலைவர் உரக்கச் சொன்னதுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஐசன்ஹோவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பின் 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆற்றிய உரையில், கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஆளுக்கொரு செங்கல் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். பேசியவர் சாமியார் அல்லர், தளபதி. அதனால்தான் அந்தக் கணக்குக்கு எடை அதிகம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கும் அப்பால் ஒன்று. நூலகம் கட்டி முடித்தபின் இருந்த இடத்திலிருந்தே பயன் தருகிறது. அந்த ஊரின் ஆராய்ச்சியை நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டுகிறது. வீரன் அப்படியன்று. இருந்த இடத்தில் இருந்தால் அவன் செலவுதான். மக்கள்தொகைக்கு ஏற்பச் சில வீரர்களை இலவசமாக வைத்துக்கொள்ள ஆட்டம் அனுமதிக்கிறது. அந்த எண்ணிக்கை தாண்டினால் ஒவ்வொருவனுக்கும் முறைதோறும் பொன் அளக்க வேண்டும். எல்லை தாண்டி அனுப்பினாலோ வழிச்செலவு தனி. ஆகவே நூலகம் கட்டியவன் நிம்மதியாக உறங்கலாம். படை கட்டியவனுக்கு உறக்கமில்லை. அந்தப் படையைப் பயன்படுத்தியாக வேண்டும். பயன்படுத்தாத ஒவ்வொரு முறையும் நட்டம்.

பொருளுக்குப் பின் படை

திருக்குறளின் பொருட்பாலைப் புரட்டுங்கள். நாடு, அரண், பொருள்செயல்வகை, படைமாட்சி என்று அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுக்கு ஏழு உறுப்புகள் சொல்லும்போதும் நாடு, கோட்டை, கருவூலம், படை என்றே வரிசைப்படுத்துகிறது. இரண்டு நூல்களிலும் பொருள் முன்னே, படை பின்னே. ஆடிப் பார்த்தால் இந்த வரிசையின் அருமை தெரியும். வரிசையை மாற்றியவன் இடைக்காலம் வருவதற்குள் திவாலாவான்.

போருக்குத் திட்டமிடுவது எப்படி என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கற்ற நான்கு பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உணவு. வயல் வளமில்லாத ஊரில் எத்தனை சுரங்கம் இருந்தாலும் வேலை செய்ய ஆள் இராது. சுத்தியலைத் தேடுகிறவன் முதலில் சோற்றைத் தேட வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் முதல் பிழை, மலையைக் கண்டதும் அங்கே ஊர் அமைத்துவிடுவது.

இரண்டாவது, பங்கீடு. எல்லா ஊரிலும் படை திரட்டுவது பேதைமை. சுத்தியல் மிகுந்த ஓர் ஊரைப் படைவீடாக்கி, அங்கே பாசறை அமைத்து, மற்ற ஊர்களை வாணிகத்துக்கு விட வேண்டும். சிற்றூர்கள் மெல்ல வளர்ந்து பேரூராவதற்குப் பல பத்து முறைகள் பிடிக்கும்; அந்தப் பொறுமைதான் படைக்குச் சம்பளம் கொடுக்கிறது. படைவீட்டுக்கு ஒரு சிறப்பும் உண்டு. போரில் தேர்ந்த வீரன் ஒருவன் நம்மிடம் இருந்தால் அந்த ஊரில் 'வீர காவியம்' என்ற ஒன்றை நிறுவலாம். நிறுவினால் அங்கே படை உருவாக்கும் வேகம் இருமடங்காகும். பரணி பாடிய நாட்டில் பிறந்த நமக்கு இது விளங்காததன்று. போர் காவியத்தைப் பெறுகிறது. காவியம் அடுத்த போரைப் பெறுகிறது.

மூன்றாவது, காலம். ஆயுதத்துக்கு ஆயுள் குறைவு. வில்லாளர் சிலர் மட்டும் காக்கும் ஊரைக் கோடரிப் படை வெல்லும். அதே படை, பகைவன் நெடுவில் பயின்ற பின் போனால் மதிலடியில் மாண்டு கிடக்கும். எனவே போருக்கு நாள் குறித்துவிட்டு, அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். படை பாதி ஆயத்தமான நிலையில் நாள் கடந்துவிட்டால், மிச்சத்தைச் சேர்ப்பதைவிட நிறுத்திவிடுவதே அறிவு. ஆனால் செலவிட்ட சுத்தியலை நினைத்து யாரும் நிறுத்துவதில்லை. நானும் நிறுத்தியதில்லை.

நான்காவது, செரிமானம். பிடித்த ஊர் உடனே பயன் தராது. சில முறைகள் கலகத்தில் கிடக்கும். மக்கள்தொகை குறைந்திருக்கும். கட்டடங்கள் பல இடிந்திருக்கும். ஆனால் அதன் பராமரிப்புச் செலவு நம் தலையில் ஏறும். தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூடச் செலவு கூடும்; ஊர்களின் எண்ணிக்கை கூடினாலும் செலவு கூடும். நீதிமன்றம் கட்டினால் அந்த ஊரின் செலவு பாதியாகும். ஆனால் அதற்கு 120 சுத்தியல் வேண்டும். கலகம் ஓயாத ஊரில் 120 சுத்தியலுக்கு எங்கே போவது?

மூன்றாவது போர்

இனி என் கதை. நான் ரோமானிய அரசனாக ஆடினேன். அவர்களுக்குப் 'பிரெட்டோரியன்' என்ற சிறப்பு வீரர் உண்டு. சாதாரண வாள்வீரனின் ஆற்றல் ஆறு. இவர்களின் ஆற்றல் எட்டு. விலை 45 சுத்தியல். இரும்பு கிடைத்தால் போதும், அக்காலத்தில் எதிர்த்து நிற்க ஆளில்லை. இரும்பு கிடைத்தது. பிறகு கேட்க வேண்டுமா?

முதல் போர் அண்டை நாட்டோடு. காரணம் நியாயமாகவே பட்டது. அவர்கள் நல்ல நிலத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு ஊர்கள் வீழ்ந்தன. ஒவ்வோர் ஊர் வீழும்போதும் கொள்ளைப் பொன் கஜானாவில் விழுந்தது. அந்தப் பொன்னில் ஆராய்ச்சியையும் நடத்தினேன், படையையும் பெருக்கினேன். 'போர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறதே!' என்று மகிழ்ந்தேன். இரண்டாம் போர் அடுத்த அண்டையோடு. மூன்று ஊர்கள். வரைபடத்தில் என் நிறம் பரவியிருந்ததைப் பார்க்கப் பார்க்கப் பெருமிதம்.

பிறகு அமைதி செய்துகொண்டேன். அன்று தொடங்கியது தொல்லை. கொள்ளைப் பொன் நின்றுவிட்டது. ஏழு புதிய ஊர்களின் பராமரிப்பு, எல்லையில் நின்ற படையின் ஊதியம் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. ஆராய்ச்சிக்கு நூற்றுக்கு எண்பது ஒதுக்கிவந்தவன் அறுபதாக்கினேன், பிறகு முப்பது, பிறகு பத்து. அப்போதும் கஜானா கரைந்தது. கஜானா வறண்டால் இந்த ஆட்டத்தில் படை வேலைநிறுத்தம் செய்யும். வீரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போவார்கள். அந்த எச்சரிக்கை திரையில் வந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மூன்றாவது நாட்டின் மீது படையெடுத்தேன்.

ஏன்? பகையா? இல்லை. நிலம் வேண்டுமா? இருக்கும் நிலத்தையே ஆள முடியவில்லை. சம்பளம் கொடுக்கப் பொன் வேண்டும். பொன் அவர்கள் ஊரில் இருந்தது. அவ்வளவுதான். அந்த ஊர்களைப் பிடித்தால் செலவு கூடும் என்பதால், இம்முறை பிடித்த ஊர்களைத் தீக்கிரையாக்கினேன். ஊரைக் கைப்பற்றியதும் வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று ஆட்டம் கேட்கும். நான் எருமைக்கு வைக்கோல் போடுகிறவனைப் போல எந்தச் சலனமும் இல்லாமல் 'அழி' என்று பொத்தானை அமுக்கினேன்.

ஆட்டத்தில் வென்றேன். ஆனால் அன்று இரவு படுக்கையில் ஒரு கேள்வி உறுத்தியது. மூன்றாவது போரைத் தொடுத்தது நானா, என் படையா?

வரலாறு என்ன சொல்கிறது?

விளையாட்டை வைத்து வரலாற்றை அளப்பதா என்று கேட்கலாம். வேண்டாம், வரலாற்றை வைத்தே விளையாட்டை அளப்போம்.

நான் ஆடிய ரோமையே எடுத்துக்கொள்வோம். டிராஜன் கி.பி. 106இல் டேசியாவை வென்றபோது அதன் பொற்சுரங்கங்கள் ரோமின் வசமாயின. அடுத்து வந்த ஹேட்ரியன், கிழக்கே டிராஜன் பிடித்த நிலங்களைத் தாங்க முடியாதென்று 117இல் கைவிட்டார். எல்லை நின்றது, படை நிற்கவில்லை. கொள்ளை குறைந்த காலத்தில் ஊதியம் கூடிக்கொண்டே போனது. செப்டிமியஸ் செவெரஸும் அவர் மகன் காரகல்லாவும் படையினரின் ஊதியத்தை உயர்த்தினார்கள். பணத்துக்கு எங்கே போவது? நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தார்கள். கி.பி. 260களின் இறுதிக்குள் வெள்ளி நாணயம் எனப்பட்டதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. டேசியாவையும் சில ஆண்டுகளில் அவுரேலியன் கைவிட நேர்ந்தது. என் கஜானா வறண்ட கதைதான். நான் ஒரு பிற்பகலில் கண்டதை ரோம் நூற்றைம்பது ஆண்டுகளில் கண்டது.

நம் மண்ணுக்கு வருவோம். ஏழாவது பதிப்பில் சோழரும் இடம்பெற்றிருக்கிறார்கள். 'கலம்' என்ற கப்பலும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களும் உண்டு. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமையோடு கணக்கும் பார்க்க வேண்டாமா? சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பொருளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்ததை இராசராசனின் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஈழத்து ஊர்களின் வருவாயும் அக்கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர், சோழரின் ஈழப் படையெடுப்புகளை ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், கொள்ளைப் பொருள் அந்த அரசின் புறச்செயல் அன்று, அதன் இயக்கத்துக்கே தேவையாக இருந்தது என்று வாதிட்டார். அவர் கருத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் 993இல் தொடங்கிய ஈழ ஆட்சியைச் சோழர் 1070இல் பொலன்னறுவையோடு இழந்தார்கள் என்பது கருத்தன்று, நிகழ்ச்சி. கடலுக்கு அப்பாலுள்ள ஊரைப் பிடிப்பதைவிட வைத்திருப்பது கடினம்.

எல்லாவற்றிலும் கொடிய எடுத்துக்காட்டு இட்லரின் ஜெர்மனி. 1934 முதல் 1938 வரை 'மெஃபோ' உண்டியல் என்ற கடன்சீட்டுகளை ஏறத்தாழ 1,200 கோடி மார்க் அளவுக்கு மறைவாக வெளியிட்டு ஆயுதம் செய்தார்கள். 1936இல் நான்காண்டுத் திட்டம் என்ற பெயரில் பொருளாதாரம் முழுவதையும் போருக்குத் திருப்பினார்கள். 1939 சனவரியில், இப்படிச் செலவிட்டால் நாணயம் நாசமாகும் என்று எழுதிக் கொடுத்த மத்திய வங்கித் தலைவர் ஷாக்ட் பதவி நீக்கப்பட்டார். அதற்கு முன்பே 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அதன் மத்திய வங்கித் தங்கம் பெர்லினுக்குப் போயிற்று. 1940இல் வீழ்ந்த பிரான்சு, தன்னை ஆக்கிரமித்த படையின் செலவுக்காக நாளொன்றுக்கு 2 கோடி மார்க் கட்ட நேர்ந்தது. போருக்கு மூல காரணம் பணமுடை என்று நான் சொல்லவில்லை. இனவெறியும் நிலவெறியுமே மூலம். ஆனால் அந்த வெறி கட்டிய பொருளாதாரம், திரும்பி வரும் பாதையையும் அடைத்துவிட்டது. பொத்தானை அமுக்கியவன் நானா, படையா என்று நான் கேட்டேனே, அந்தக் கேள்வியின் முழு உருவம் இங்கே இருக்கிறது.

ஆட்டம் காட்டாத ஏடு

இதுவரை ஆட்டத்தைப் புகழ்ந்தேன். இனி அதன் குறையைச் சொல்ல வேண்டும். அரசனின் கணக்கை அது நேர்மையாகக் காட்டுகிறது. குடிமகனின் கணக்கை மறைத்துவிடுகிறது.

வெண்கலத்தை உருக்கக் கற்றவுடன் அடிமைமுறையை ஏற்க ஆட்டம் அனுமதிக்கிறது. ஏற்றால், ஊரின் மக்கள்தொகையில் ஒன்றைக் குறைத்து 30 சுத்தியலை உடனே பெறலாம். கோடரி வீரனுக்கு 35 அல்லவா? ஆக, ஒரு குடிமகனை வதைத்தால் ஏறக்குறைய ஒரு வீரன். பத்து முறைகளுக்கு ஊரில் ஒரு மனக்குறை இருக்கும். பிறகு அதுவும் மறைந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைத்தான் முதல் உபாயமாகச் சொல்வார்கள். பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானைக் கதை நாம் அறிந்தது. விளைநெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் பல நாளைக்கு வரும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் அழிவது மிகுதி. இந்த ஆட்டத்தில் யானை வயலில் புகுந்தாலும் பத்து முறைகளில் பயிர் மீண்டும் தழைத்துவிடுகிறது. உண்மையில் தழைப்பதில்லை.

1943ஆம் ஆண்டு வங்கத்தில் என்ன நடந்தது? 1942இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவன் கையில் சிக்கக் கூடாதென்று கரையோரப் படகுகளையும் அரிசியையும் அரசே அப்புறப்படுத்தியது. போர்ச் செலவுக்காக ரூபாய் நோட்டுகள் அச்சடித்துக் குவிக்கப்பட்டன. படைக்கும் கல்கத்தாவின் போர்த் தொழிற்சாலைகளுக்கும் உணவு முதலில் போயிற்று; விலை ஏறியது; கிராமத்துக் கூலித் தொழிலாளியின் கூலி ஏறவில்லை. இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டார்கள். உணவு அடியோடு இல்லாமற் போனதால் வந்த பஞ்சமன்று. போர்க்காலப் பணவீக்கத்தில் ஏழையின் வாங்கும் சக்தி அழிந்ததால் வந்த பஞ்சம் என்று அமார்த்திய சென் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்தப் போரில் வங்கத்துக் கூலியாள் யாரையும் எதிர்த்துச் சண்டையிடவில்லை. ஒரு போர்ப் பொருளாதாரத்தின் கணக்கேட்டில் அவன் பெயரே இல்லை. அதனால்தான் மாண்டான். திரையில் மக்கள்தொகை எண் ஒன்று குறைவதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அவன் நினைவுதான் வருகிறது.

இன்னொரு குறையும் உண்டு. போர் முடிந்தபின் வீரனைக் கலைத்தால் இந்தப் பதிப்பில் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. சுத்தியலும் இல்லை, குடிமகனும் இல்லை. வீரன் வயலுக்குத் திரும்புவதில்லை, பட்டறைக்குத் திரும்புவதில்லை, காற்றில் கரைந்துவிடுகிறான். ஆகவே அவனை வைத்துக்கொண்டு அடுத்த போருக்கு அனுப்புவதே ஆட்டக்காரனுக்கு இலாபம். போர் ஓயாமைக்கு ஒரு காரணம் இந்த விதியிலேயே இருக்கிறது.

ஆனால் மனிதர்கள் இதைவிட நல்ல விதி ஒன்றை ஒருமுறை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கா 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டுப் போருக்கு இறங்கியது. 1944 ஒரே ஆண்டில் 96,000க்கு மேற்பட்ட விமானங்களைச் செய்து குவித்தது. அப்படிப்பட்ட நாடு, போர் முடியுமுன்பே 1944 சூனில் ஒரு சட்டம் இயற்றியது: படையிலிருந்து திரும்புகிறவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும். 1956ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள்; அவர்களில் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிப் படி ஏறினார்கள். தன் மண்ணில் குண்டு விழாத நாட்டுக்கு இது எளிது என்பதும், கறுப்பின வீரர் பலருக்கு இதன் பயன் முழுமையாகக் கிட்டவில்லை என்பதும், அதே நாட்டில் ஆயுதத் தொழிலின் செல்வாக்கு வளர்வதை எதிர்த்து ஐசன்ஹோவரே 1961இல் எச்சரிக்க நேர்ந்தது என்பதும் உண்மைகளே. ஆயினும் வீரனை மாணவனாக்க முடியும் என்று அந்தச் சட்டம் காட்டியது. போர்ப் பொருளாதாரத்தை இழுத்து மூடும் பூட்டு ஒன்று உண்டென்றால், அது கல்லூரி வாசலில்தான் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் நாம் இதை மறக்கலாமா?

முடிவாக

இவ்வகை ஆட்டங்களை ஆடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆட வேண்டும் என்றே சொல்வேன். வரவு செலவைப் பார்க்காமல் வீரம் பேசுகிற பழக்கம் நம் மேடைகளில் மிகுதி. 'ஒரு கை பார்த்துவிட வேண்டும்' என்று தேநீர்க் கடையில் முழங்குகிறவரை இந்த ஆட்டத்தின் முன் ஒரு நாள் உட்கார வைத்தால், ஐம்பதாவது முறையில் அவரே நீதிமன்றம் கட்ட இடம் தேடுவார். வரலாறு, பொருளாதாரத் துறைகளின் ஆசிரியர்கள் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினாலும் தவறில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஆடும்போது இரண்டு ஏடுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆட்டம் தருகிற ஏடு: உணவு, சுத்தியல், பொன். மற்றொன்று நீங்களே எழுத வேண்டியது: எந்த ஊரில் எத்தனை பேரை வதைத்தேன், எந்த ஊரை எரித்தேன், எத்தனை நூலகம் கட்டாமல் விட்டேன். நான் மறுமுறை ஆடியபோது அப்படி எழுதிப் பார்த்தேன். முதல் போரோடு நிறுத்திக்கொண்டேன். பாதிப் படையைக் கலைத்தேன்; சுத்தியல் வீணாயிற்று, போகட்டும் என்று விட்டேன். பிடித்த நான்கு ஊர்களிலும் நீதிமன்றம் கட்டினேன், பிறகு நூலகம் கட்டினேன். வெற்றி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் மூன்றாவது நாட்டின் ஊர்கள் அந்த முறை எரியவில்லை. அவர்களோடு ஆட்டம் முடியும்வரை வாணிகம் செய்துகொண்டிருந்தேன்.